ஒற்றை ஆளின் மேடை

வங்காளிகளுக்குப் பாட்டுக்குப் பஞ்சம் வந்ததாகச் சரித்திரம் இல்லை. தாகூர் ஒருவரே இரண்டாயிரத்துக்கு மேல் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். போதாததற்கு நஸ்ருல், கீர்த்தனம், பாவுல், ஆண்டுதோறும் துர்கா பூஜையை ஒட்டி ரிக்கார்டு கம்பெனிகள் வெளியிட்ட புதுப் பாடல்கள். ஆனால் 1980களின் கடைசியில் கல்கத்தாவில் ஒரு சலிப்பு இருந்தது. ஒருவர் எழுதி, இன்னொருவர் மெட்டமைத்து, மூன்றாமவர் பாடும் 'ஆதுனிக்' பாட்டு தேய்ந்து போயிருந்தது. நிலா, மழை, பிரிவு என்று அதே சரக்கு. 1989ல் ஹேமந்த முகர்ஜி மறைந்தபோது, ஒரு பாடகரோடு ஒரு காலமும் முடிந்துவிட்டதாகவே பலர் நினைத்தார்கள்.

அதே ஆண்டு ஒருவர் ஊர் திரும்பினார். பெயர் சுமன் சட்டோபாத்யாய். கட்டக்கில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்தவர். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர். ஜெர்மன் வானொலியிலும், பிறகு வாஷிங்டனில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவிலும் வங்காள ஒலிபரப்பில் வேலை பார்த்தவர். நடுவே சான்டினிஸ்டா புரட்சி நடந்த நிகராகுவாவுக்குப் போய், அதைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். நாற்பதைத் தொடும் வயதில், நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, கையில் ஒரு கிடாருடன் வந்து சேர்ந்தார். சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டமைத்து, தானே வாசித்துப் பாடிப் பிழைக்கப் போவதாகச் சொன்னால், இருபது வயதுப் பையனைக்கூட நம் வீடுகளில் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

1992 ஏப்ரலில் எச்.எம்.வி. வெளியிட்ட அவரது முதல் கேசட் 'தொமாகே சாய்' - 'நீ வேண்டும்' என்று அர்த்தம். பெயரைக் கேட்டால் காதல் பாட்டு. காதல் பாட்டுத்தான். ஆனால் அந்தக் காதலுக்குள் ஒரு நகரமே நெருக்கியடித்துக்கொண்டு ஏறியிருந்தது. இன்னொரு பாட்டில், வானத்தில் பறக்கும் பட்டங்களைப் பார்த்தபடி ரிக்‌ஷா இழுக்கும் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன். வேறொன்றில், பத்தடிக்குப் பத்தடி அறைக்குள் நடக்கும் ஒரு முழுக் குடித்தனம். கல்கத்தாவில் யாரும் பார்க்காத காட்சிகள் அல்ல இவை. பாட்டில் யாரும் கேட்காதவை. கேசட் பரபரவென்று விற்றது. பத்திரிகைகள் 'ஜீபன்முகி' - வாழ்க்கையை நோக்கிய பாட்டு - என்று ஒரு பெயரையும் ஒட்டின. மறு ஆண்டு நசிகேதா, அதற்கடுத்த ஆண்டு அஞ்சன் தத் என்று ஒரு வரிசையே கிளம்பியது.

இந்த வெற்றியில் வரிகளுக்குள்ள அதே பங்கு மேடைக்கும் உண்டு. அதுவரை வங்காளப் பாடகரின் தோற்றம் ஏறக்குறைய சட்டமாகவே இருந்தது. வேட்டி அல்லது பைஜாமா, முன்னால் ஹார்மோனியம், பக்கத்தில் தபலா, கண் எதிரே பாட்டு நோட்டு. சுமன் ஜீன்ஸும் சட்டையுமாக வந்தார். தோளில் கிடார், கழுத்தில் கம்பி வளையத்தில் மாட்டிய மௌத் ஆர்கன், எட்டும் தூரத்தில் ஒரு கீபோர்டு. பக்கவாத்தியம் கிடையாது. அமெரிக்காவில் கன்ட்ரி, ஃபோக் பாடகர்களுக்கு இது பழகிப்போன கோலம். வுடி கத்ரியும் பாப் டிலனும் இப்படித்தான் நின்றார்கள். 1968ல் ஃபோல்சம் சிறைக்குள் கைதிகள் முன்னால் பாடிய ஜானி கேஷுக்குப் பின்னால் குழு இருந்தது. ஆனால் கூட்டத்தோடு பேசியது அவர் ஒருவர்தான்.

தனியாக நிற்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பத்துப் பேர் கொண்ட வாத்தியக் குழுவை நடுப் பாட்டில் நிறுத்த முடியாது. தன் கிடாரை நிறுத்தலாம். சுமன் நிறுத்துவார். அன்றைய செய்தித்தாளில் வந்ததைப் பற்றிப் பேசுவார், ஒரு மந்திரியைக் கிண்டல் செய்வார், தாகூரின் ஒரு மெட்டு எங்கே திரும்புகிறது என்று பாடிக் காட்டுவார், சில சமயம் ரசிகர்களையே திட்டுவார். பிறகு விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடரும். கலா மந்திரிலோ நஸ்ருல் மஞ்சிலோ டிக்கெட் வாங்கி வந்தவர்கள் பாட்டுக்கு எவ்வளவு கைதட்டினார்களோ, பேச்சுக்கும் அவ்வளவு கைதட்டினார்கள். நம்மூர்க் கதாகாலட்சேபத்தை அறிந்தவர்களுக்கு இந்த வித்தை புரியும். பாட்டுக்கு நடுவே வரும் பேச்சுத்தான் அடுத்த பாட்டுக்குக் காதைத் தயார் செய்கிறது.

வானொலியில் கழித்த ஆண்டுகள் வீணாகவில்லை என்பது இங்கே தெரிகிறது. ஒலிபரப்பாளருக்கு முதல் பாடம், கோடிப் பேர் கேட்டாலும் ஒரே ஆளிடம் பேசுவதுபோலப் பேச வேண்டும் என்பது. ஒரு சொல் விழுங்கப்பட்டாலும் அர்த்தம் போய்விடும். சுமனின் உச்சரிப்பில் அந்தக் கறார் இருக்கிறது. சின்ன வயதில் கற்ற ஹிந்துஸ்தானி இசையும் ரவீந்திர சங்கீதமும் அடியில் ஓட, மேலே மேல்நாட்டு கார்டுகள். அதனால்தான், டிலனின் புகழ்பெற்ற பாட்டு ஒன்றை அவர் வங்காளியில் மாற்றிப் பாடியபோது அது இரவல் சட்டையாகத் தெரியவில்லை. 1996ல் முதிய பீட் சீகர் கல்கத்தாவுக்கு வந்து பாடினார். அவரை அழைத்ததில் சுமனுக்குப் பங்கு உண்டு.

தமிழர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். சொல்லும் சுரமும் ஒருவருடையதாகவே இருந்தால் அவரை வாக்கேயக்காரர் என்று அழைக்கும் மரபு நம்முடையது. கோபாலகிருஷ்ண பாரதியார் அப்படித்தான். சுப்பிரமணிய பாரதி தன் பாட்டைத் தானே மெட்டுக் கட்டிப் பாடியவர். பிறகு அந்த வழி ஏன் அடைபட்டது? விடை சினிமா. தமிழில் புதுப் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்று ஆகிவிட்டது. மெட்டுக்கு ஒருவர், வரிக்கு ஒருவர், குரலுக்கு ஒருவர், நடுவே ஒரு கதைச் சூழல். வங்காளத்திலும் சினிமா இருந்தது. ஆனால் சினிமா அல்லாத பாட்டைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கத்தைப் பூஜைப் பாடல்கள் பல பத்தாண்டுகளாக வளர்த்து வைத்திருந்தன. சுமனின் திறமை அவருடையது. அந்தச் சந்தை அவருக்கு முன்னோர் விட்டுப்போனது. இங்கே சினிமாவுக்கு வெளியே பாடியவர்கள், இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா'வை ஊர் ஊராக எடுத்துச் சென்ற கே.ஏ.குணசேகரனைப்போல, இயக்க மேடைகளையும் கல்லூரி அரங்குகளையும் நம்பியே இருக்க வேண்டியிருந்தது.

சுமனின் கதை கேசட்டோடு முடிந்திருந்தால் வெறும் வெற்றிக்கதை. அப்படி முடியவில்லை. இடதுசாரிகளின் ரசிகர் கூட்டத்தில் வளர்ந்தவர் அவர்களின் அரசையே மேடையில் விமர்சித்தார். கனோரியா சணல் ஆலைத் தொழிலாளர்கள் 1990களில் போராடியபோது அவர்கள் பக்கம் நின்றார். 2000ல் இஸ்லாத்தைத் தழுவிக் கபீர் சுமன் ஆனார். 'எங்கள் சுமன்' என்று கொண்டாடிய நடுத்தர வர்க்கத்தில் ஒரு பகுதி அப்போது முகம் திருப்பிக்கொண்டது. சிங்கூர், நந்திகிராம் போராட்டங்களில் பாடினார். 2009ல் திரிணமூல் காங்கிரஸ் அவரை ஜாதவ்பூரில் நிறுத்தியது. ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போனார்.

அடுத்த ஆண்டே சிக்கல். கட்சிக்குள் ஊழல் என்று வெளிப்படையாகப் பேசினார். சிறையில் இருந்த லால்கர் இயக்கத் தலைவர் சத்ரதர் மகதோவின் பெயரில் ஒரு பாட்டுத் தொகுப்பே வெளியிட்டார். ஆளும் கட்சியாகப் போகும் ஒரு கட்சிக்கு இது எப்படி இனிக்கும்? 2014ல் பதவிக்காலம் முடிந்தது. மறுபடி நிற்கவில்லை. பிற்காலத்தில் அதே மம்தா பானர்ஜிக்கு ஆதரவாகவும் பேசினார். இதைச் சந்தர்ப்பவாதம் என்பவர்கள் உண்டு. கலைஞனுக்கு எதற்கு அரசியல் என்று கேட்பவர்களும் உண்டு.

இரண்டுமே பாதி உண்மை. மேடையில் அவரை உயர்த்தியது எதுவோ, அதுவே கட்சியில் அவருக்கு எதிராக வேலை செய்தது. நினைத்ததை நினைத்த நொடியில், நடுப் பாட்டை நிறுத்தியாவது சொல்லும் ஆளைப் பார்க்கத்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். கட்சி என்பது பெரிய வாத்தியக் குழு. அங்கே ஒருவர் தன் இஷ்டத்துக்கு நிறுத்தினால் கச்சேரி கெட்டுப்போகும். சுமனைச் சீட்டுக்காக அழைத்தவர்களுக்கு இது தெரியாதா? அவருடைய கூட்டம் வேண்டியிருந்தது. அவருடைய வாய் வேண்டியிருக்கவில்லை.

நமக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. மதுக்கடைகளைச் சாடிப் பாடியதற்காகக் கோவன் 2015ல் தேசத்துரோக வழக்கில் கைதானது தமிழ்நாட்டில்தான். தனியாகப் பாடுகிறவரை ஒன்று கட்சி வாங்கப் பார்க்கும், அல்லது போலீஸ் பிடிக்கப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவே அவரைக் காப்பாற்றக்கூடியது டிக்கெட் வாங்கும் ரசிகர் மட்டுமே.

எழுபத்தைந்தைக் கடந்துவிட்ட சுமன் சமீப ஆண்டுகளில் வங்காளி மொழியில் கயால் பாடுவதில் இறங்கியிருக்கிறார். 'ஜாதிஸ்வர்' படத்துக்கு இசையமைத்ததற்காக 2013ஆம் ஆண்டுக்கான தேசிய விருதும் வந்தது. முதல் கேசட்டின் முப்பதாம் ஆண்டில், 2022 அக்டோபரில், டாக்காவில் பாடினார். அவருக்குப் பின் வந்த சந்திரபிந்து, பூமி, ஃபாசில்ஸ் போன்ற குழுக்களின் ரசிகர்களுக்கே இப்போது நடுவயது. கேசட் போய், யூடியூப் வந்துவிட்டது. சொந்தப் பாட்டைப் போட ஒரு போனும் கிடாரும் போதும், தமிழிலும்.

கருவி எல்லோர் கையிலும் வந்துவிட்டது. சினிமாவில் வராத ஒரு பாட்டுக்குக் காசும் ஒரு மாலையும் செலவழிக்கும் பழக்கம்தான் நம்மிடம் இன்னும் வரவில்லை. அது வராதவரை நம் வாக்கேயக்காரர்கள் சினிமாக் கம்பெனி வாசலிலோ, கட்சி ஆபீஸ் வாசலிலோதான் நிற்க வேண்டியிருக்கும்.