கழற்றிய கமராவை மீண்டும் பூட்டுங்கள்

ஒன்ராறியோவின் ஸ்ரௌவ்வில் நகரில் காலை எட்டரை மணிக்கு ஒரு பாடசாலையருகே நின்று பாருங்கள். புத்தகப்பை சுமந்த பிள்ளைகள் நடைபாதையில் போகிறார்கள். பக்கத்திலேயே வேலைக்குப் பிந்தியவர்களின் வாகனங்கள் விரைகின்றன. ஸ்காபரோவிலிருந்து மார்க்கம், அங்கிருந்து ஸ்ரௌவ்வில் என்று வடக்கே நகர்ந்த எங்கள் குடும்பங்கள் பலவும் பிள்ளைகளை எண்ணியே இங்கு வந்தன. ஆனால் மாகாணத்தின் பிள்ளைகளுக்கு இருந்த காவல் ஒன்றை ஒன்ராறியோ அரசு 2025 நவம்பர் 14 முதல் அகற்றிவிட்டது. வேகக் கண்காணிப்புக் கமராக்களுக்கு இப்போது சட்டப்படி தடை.

இவை பணம் பறிக்கும் வழி என்றார் முதல்வர் டக் ஃபோர்ட். ஆனால் கமராக்களை அனுமதித்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2019 டிசம்பரில் விதிமுறையைக் கொண்டுவந்து, அவற்றுக்கு வழிதிறந்தது அவருடைய அரசுதான். பாடசாலை வலயங்களிலும் சமூகப் பாதுகாப்பு வலயங்களிலும் மட்டுமே அவை அனுமதிக்கப்பட்டன. முன்னரே அறிவிப்புப் பலகை நடப்பட்டது. வரம்புக்குள் ஓடியவரிடம் ஒரு சதமும் யாரும் கேட்கவில்லை. தானே தவிர்த்துக்கொள்ளக்கூடிய தண்டத்தைப் பறிப்பு என்பது நியாயமல்ல.

கமராவால் பயன் உண்டா என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. சிக் கிட்ஸ் மருத்துவமனையும் ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகமும் ரொறன்ரோவின் 250 பாடசாலை வலயங்களை ஆராய்ந்தன. கமரா இருந்தபோது வேக வரம்பை மீறிய வாகனங்களின் பங்கு 45 சதவீதம் குறைந்ததாக 2025 ஜூலையில் அறிவித்தன. ஒன்ராறியோ பொலிஸ் தலைமை அதிகாரிகளின் சங்கமும் கமராக்களை ஆதரித்தது. மணிக்கு முப்பது கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் நின்றுவிடும் தூரத்தில், ஐம்பதில் வரும் சாரதி அப்போதுதான் பிரேக்கை மிதிக்கத் தொடங்குவார். அந்த இடைவெளியில்தான் ஒரு பிள்ளையின் உயிர் இருக்கிறது.

குறைகள் இருந்தன. சில இடங்களில் கமரா ஆயிரக்கணக்கில் தண்டச்சீட்டு அனுப்பியது. சீட்டு கைக்கு வருமுன் அதே வீதியில் பலமுறை பிடிபட்டவர்களும் உண்டு. அவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. குறையைத் திருத்தியிருக்கலாம். 2025 செப்டெம்பரில் ரொறன்ரோவில் ஓர் இரவில் மட்டும் 16 கமராக்கள் அறுத்து வீழ்த்தப்பட்டன. குறையைத் திருத்தாமல், அறுத்தவர்கள் விரும்பியதையே அரசு சட்டமாக்கியது. இது வெட்கக்கேடு.

கமராக்களுக்குப் பதிலாக 21 கோடி டொலர் வீதிப் பாதுகாப்பு நிதியம் அறிவிக்கப்பட்டது. வேகத்தடை, வட்டச்சந்தி, உயர்த்திய கடவை, மின்னும் பலகை எல்லாம் வரட்டும், நல்லவைதான். ஆனால் வட்டச்சந்தி கட்ட ஆண்டுகள் ஆகும். அம்புலன்ஸும் பனியகற்றும் வண்டியும் ஓடும் பிரதான வீதிகளில் வேகத்தடை போடுவது எளிதல்ல. இவை கமராவோடு சேர்ந்து நிற்க வேண்டியவை. கமராவின் இடத்தை இவற்றால் நிரப்ப முடியாது.

எங்கள் தீர்ப்பு இதுதான்: வேகமாக ஓடுபவரின் மனக்குறையைப் பிள்ளையின் உயிருக்கு மேலாக வைத்த இந்த அரசு தவறிழைத்திருக்கிறது. பாடசாலை வலயங்களிலாவது கமராக்களை மீண்டும் அனுமதிக்க வேண்டும். தண்டப்பணம் முழுவதும் வீதிப் பாதுகாப்புக்கே போக வேண்டும். அதன் கணக்கு ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. தண்டச்சீட்டு வந்தபோது கமராவைத் திட்டியவர்கள் எங்களிலும் பலர். நாளை காலை பாடசாலையைக் கடக்கும்போது எந்தக் கமராவும் எங்களைப் பார்க்காது. நடைபாதையில் நிற்கும் பிள்ளை பார்க்கும். அந்தப் பிள்ளைக்காக, வேக மிதியில் வைத்த காலைச் சற்றுத் தளர்த்துவோம்.