குப்பைக்கும் ஒரு பாஸ்புக்!

'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' என்ற குரல் கேட்டதும் உடைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடாதவர்கள் நம்மில் யார்? இன்றும் பழைய பேப்பர்காரர் வந்தால் தராசை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டோம். ஆகவே, 'குப்பையைப் பிரித்துக் கொடுக்க ஜனங்களுக்கு அக்கறை இல்லை' என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிக்கல் எல்லாம், யாரும் வாங்காத குப்பையில்தான் இருக்கிறது.

எங்கள் இளம்பிள்ளையில் சேலைதான் பிழைப்பு. சேலைக்குச் சேலை ஒரு பிளாஸ்டிக் கவர். அந்தக் கவரைத்தான் நானும் வெந்நீர் அடுப்பு பற்ற வைக்க உபயோகித்து வந்தேன். விறகு சீக்கிரம் பிடிக்குமே! போன வருஷம் சின்னவனுக்கு இருமல் நிற்கவே இல்லை. டாக்டரம்மா மருந்து எழுதுவதற்கு முன்னால், "அடுப்புல என்ன போட்டு எரிக்கறீங்க?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு கவர்களைச் சாக்கில் சேர்த்தேன். பக்கத்து வீட்டு அம்மாவையும் சேர்க்கச் சொன்னேன். "அதுக்கு யாரு கண்ணு காசு தர்றாங்க?" என்றார். நியாயமான கேள்விதானே?

நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். வீசி எறிந்த பாட்டில் யானைகளின் காலைக் கிழிக்கிறதே என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால் வந்த திட்டம் இது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. குடிக்கிறவர்களே திருப்பித் தரும்போது நம்மால் முடியாதா?

இந்தோனேசியாவில் பாந்துல் என்ற இடத்தில் 2008-ல் 'குப்பை வங்கி' தொடங்கினார்கள். வீட்டில் பிரித்த குப்பையை எடை போட்டு, பாஸ்புக்கில் வரவு வைப்பார்கள். சேர்ந்த பிறகு பணமாக வாங்கிக்கொள்ளலாம். பிறகு அந்த நாட்டில் பல ஊர்களுக்கும் இது பரவியது.

பாஸ்புக் நமக்கு என்ன புதிதா? நம் பக்கத்து தர்மபுரியில் 1989-ல் தொடங்கிய மகளிர் குழுக்கள் இன்று தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. குழுக் கூட்டம் நடக்கும் நாளில் ஒரு தராசு வைத்தால் போதும், வங்கி தயார்.

ஆனால் ஒன்று. கவர் மட்டும் என்றால் ஒரு மாசம் சேர்த்தாலும் எடை தேறாது. காசுக்காக வருகிறவர்கள் நாலாம் மாசம் நின்றுவிடுவார்கள். அதனால் பேப்பர், இரும்பு, அட்டைப்பெட்டி எல்லாமே அதே பாஸ்புக்கில் ஏற வேண்டும். கவர் எங்கே போகிறது என்பதையும் நமக்குச் சொல்ல வேண்டும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த முறையில், அதைத் துண்டாக்கித் தார் ரோடு போடலாம். இதற்காக அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நாம் கொடுத்த கவர் நம் தெருவுக்கே ரோடாக வந்தால், யார்தான் கொடுக்க மாட்டார்கள்?

இப்போது எங்கள் வெந்நீர் அடுப்பைத் தென்னம்பாளையால் பற்ற வைக்கிறேன். கொஞ்சம் நேரமாகிறது, ஆகட்டும். சின்னவன் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறான். மூட்டை கட்டிய கவர்கள் மட்டும் மூலையில் காத்திருக்கின்றன. உங்கள் ஊர் மகளிர் குழுவில் யாராவது தராசு வைத்திருந்தால் எழுதுங்களேன், தோழிகளே!

- ஒரு வாசகி, இளம்பிள்ளை