மீன் தொட்டியின் மேல் 230 வோல்ட் எதற்கு?

சென்னை கொளத்தூரில் வண்ண மீனும் செடியும் வாங்கி வந்தவர், விளக்குக்காக ரிச்சி தெருவுக்குப் போவது இயல்புதான். தொட்டிச் செடி தழைக்கும் அளவுக்கு ஒளி தரும் விளக்குக்குக் கடையில் சில ஆயிரம் ரூபாய் விலை சொல்வார்கள். எல்.இ.டி. சில்லும் அலுமினியச் சட்டமும் வாங்கி வீட்டிலேயே செய்தால் சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும். கையால் செய்து பார்க்கும் இந்த ஆர்வத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்தச் சில்லை வாங்குகிறார்கள் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

பரவலாக விற்பது 50 வாட் 'டி.ஓ.பி.' சில்லு. இதற்குத் தனியாக டிரைவர் (மின்சாரத்தைச் சில்லுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சுற்று) வேண்டாம்; இரண்டு ஒயரையும் நேராகப் பிளக்கில் கொடுத்தால் கண் கூசும் வெளிச்சம் வரும். டிரைவர் வேண்டாம் என்பதன் பொருள், வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டும் அந்தச் சில்லின் தகட்டின் மீதே ஏறி நிற்கிறது என்பதுதான். மின்சாரம் ஓடும் தடத்துக்கும் கையில் படும் அலுமினியத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கனமுள்ள காப்புப் படலம். மூடிய கூட்டுக்குள், எர்த் கொடுத்து, மதில் மேல் மாட்டும் ஃபிளட் லைட்டுக்காக வந்த பொருள் இது. அதை பிளைவுட் பலகையில் திருகி, தண்ணீருக்கு நான்கு விரற்கடை மேலே தொங்கவிடுகிறார்கள். பழைய எல்.இ.டி. பல்பைப் பிரித்துச் சில்லை மட்டும் எடுத்துப் பொருத்துவதிலும் இதே ஆபத்து உண்டு. மலிவான பல்புகள் பெரும்பாலானவற்றில் டிரைவர் மின் அழுத்தத்தைக் குறைக்குமே தவிர, வீட்டு மின்சாரத்திலிருந்து சில்லைத் தனியே பிரித்துவைக்காது.

தொட்டியின் மூடிக்கடியில் காற்று எப்போதும் ஈரமாகவே இருக்கும். இரவில் அங்கே நீர்த்துளி கோக்கும். இன்சுலேஷன் டேப்பின் பசை சில மாதங்களில் இளகும். இணைப்பில் உள்ள செம்பு பச்சை பூக்கும். கடல்மீன் தொட்டியானால் உப்பு வேறு படியும். சுற்றிய அன்று கெட்டியாக இருந்த இணைப்பு ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருக்கும் என்று யாரும் நம்பக் கூடாது.

"ஷாக் இருந்தால் முதலில் மீன் செத்திருக்குமே" என்று பலர் சொல்வதுண்டு. இதைவிட ஆபத்தான நம்பிக்கை வேறில்லை. கண்ணாடித் தொட்டி மர மேஜையில் இருக்கிறது; மின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லை. தண்ணீர் முழுவதும் ஒரே மின் அழுத்தத்தில் இருப்பதால் மீன் தன் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும். மின்கம்பியில் காகம் உட்கார்ந்திருக்கிறதே, அதே கணக்குதான். தண்ணீர் மாற்றும்போது சிந்திய ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று ஒருவர் கையை விடும்போதுதான் மின்சாரத்துக்கு வழி திறக்கிறது. அந்தக் கை பெரும்பாலும் விளக்கைச் செய்தவருடையதாக இருக்காது. தீனி போட வந்த குழந்தையுடையதாக இருக்கலாம், கண்ணாடி துடைக்கும் அம்மாவுடையதாக இருக்கலாம்.

"எம்.சி.பி. இருக்கிறதே, ட்ரிப் ஆகிவிடாதா?" என்றால், ஆகாது. நனைந்த உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டில் அதன் வழியே பாய்வது 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க இது தாராளமாகப் போதும். வீட்டிலுள்ள 6 ஆம்பியர் எம்.சி.பி.யோ 6,000 மில்லி ஆம்பியரைத் தாண்டினால்தான் அசையவே தொடங்கும். அது ஒயர் எரியாமல் காக்க வந்தது. ஆளைக் காக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். 230 மில்லி ஆம்பியர் கசிவை அது 40 மில்லி விநாடிக்குள் துண்டிக்கும்.

ஆனால் ஆர்.சி.சி.பி. கடைசி அரண்தான். அதற்கு முன்பே செய்ய வேண்டிய எளிய வேலை ஒன்று இருக்கிறது: 230 வோல்ட்டைத் தொட்டிக்கு மேலே ஏற்றாமலே இருப்பது. பி.ஐ.எஸ். பதிவு எண் அச்சிட்ட, மூடிய 12 வோல்ட் அடாப்டரைத் தொட்டியைவிட உயரமாக, தள்ளி, சுவரோரம் வைக்கலாம். அங்கிருந்து 12 வோல்ட் ஒயர் மட்டும் தொட்டிக்கு வரட்டும். மீட்டருக்கு 60 எல்.இ.டி. கொண்ட 5050 பட்டை சுமார் 14 வாட் எடுக்கும். மூன்று மீட்டர் ஒட்டினால் நடுத்தரத் தொட்டிக்கு நல்ல வெளிச்சம். அடாப்டருக்குப் பதிலாக, 230 வோல்ட் வந்து சேரும் திருகுகள் பக்கவாட்டில் திறந்து கிடக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் தொட்டி மூடியின் மேல் வைத்தால் இத்தனையும் வீண். ஒயர் பிளக் பாயின்ட்டுக்கு ஏறும் முன் ஒருமுறை கீழே தொங்கி வளையட்டும். வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மீன் தொட்டி விளக்குக்கென்றே ஐ.இ.சி. 60598 தர வரிசையில் தனிப் பகுதி இருக்கிறது. தண்ணீருக்கு மேல் எரியும் விளக்கை மற்ற விளக்குகளோடு சேர்த்துப் பார்க்க முடியாது என்று உலகம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. டி.ஓ.பி. சில்லை விற்கும் கடைக்காரரும், அதைத் தொட்டிக்கு மாட்டச் சொல்லி வீடியோ போடுகிறவரும் இந்த ஆபத்தை வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

வீட்டில் அப்படியொரு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் இன்றே பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஆர்.சி.சி.பி. இருந்தால் அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால், அடுத்த முறை தண்ணீர் மாற்றுவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.