குரல் சொல்லும் நோய்

சந்தையில் ஏலம் கூறி வந்த முதியவரின் குரல் தாழ்ந்து, சொற்கள் குழறத் தொடங்கினால், வயதாகிவிட்டது என்று கூறி நாம் வாளாவிருந்துவிடுகிறோம். முதுமை மட்டுமே அதற்குக் காரணமாகாது. மூளையைத் தாக்கும் நடுக்குவாதத்தின் அறிகுறியாகவும் அஃது இருக்கலாம். இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் அந்நோயை விளக்கியபோதே பேச்சுத் தடுமாற்றத்தையும் குறித்துள்ளார்.

செவி உணரத் தவறும் நுண்ணிய மாற்றங்களை இன்று கணிப்பொறி அளக்கிறது. குரலதிர்வின் ஒழுங்கின்மை, ஒலியின் ஏற்றத்தாழ்வு, பேச்சின் வேகம், இடைநிறுத்தம் ஆகியவற்றை அது கணக்கிடுகிறது. குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியின் பழைய நேர்காணல்களை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். அவருடைய 26ஆம் வயதிற்கும் 39ஆம் வயதிற்கும் இடையே பேச்சின் வேகம் 26 விழுக்காடு குறைந்திருந்தது. நோய் கண்டறியப்பட்டதோ 1984இல்தான். நம் நாட்டில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் நிம்ஹான்சும் இணைந்து இத்தகைய ஆய்வுகளில் ஈடுபட்டுள்ளன.

இதில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். ஒலிகளின் பிறப்பிடங்களைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்தார்; மாத்திரையைக் கண்ணிமையாலும் நொடியாலும் அளந்தார். குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் மொழி நம்முடையது. ஆங்கிலப் பேச்சில் மட்டும் பழகிய கணிப்பொறி, ஒட்டன்சத்திரத்தாரின் இயல்பான பேச்சை நோயென்று பிழைபட உணரக்கூடும். உண்மையான நோயைக் காணாது விட்டுவிடவும் கூடும். ஆகவே நலமுடன் வாழும் நம் வட்டார முதியோரின் பேச்சு, ஒப்பீட்டிற்கு முதலில் தேவை. அதனைப் பதிவு செய்து, எழுத்தில் பெயர்த்து, வட்டார வழக்குகளைக் குறித்துத் தரும் பணிக்குத் தமிழ் மாணவரே தகுதியுடையவர்.

இரண்டு எச்சரிக்கைகள் உள. சளியும் பல்லிழப்பும்கூடப் பேச்சை மாற்றும். எனவே கணிப்பொறி ஐயத்தை எழுப்பலாமேயன்றி, நோயை உறுதி செய்ய வேண்டியவர் நரம்பியல் மருத்துவரே. மேலும், ஒருவரின் குரல் நம்மிடம் ஒப்படைக்கப்படும் அமானிதம். அவரது இசைவின்றிப் பதிவு செய்வதும் பிறர்க்கு அளிப்பதும் முறையன்று.

பேச்சு இறைவனின் அருட்கொடை. அது தளரும்போது செவிசாய்ப்பதும் தமிழ்த்தொண்டே என்பது நம் கருத்து. நம் துறை மாணவர்கள் தத்தம் இல்லத்து முதியோரிடமிருந்தே இப்பணியைத் தொடங்கலாம்.