உறையில் இருந்த பெயர்

திரையிசை குறித்து நம்மவர் எழுதும் கட்டுரைகள் மெட்டமைத்தவர், பாட்டெழுதியவர், பாடியவர் என்னும் மூவரைத் தாண்டுவது அரிது. அம்மூவரின் உழைப்பையும் ஒலியாகப் பிடித்து நம் செவிக்கு அனுப்பும் ஒலிப்பதிவுப் பொறியாளர் பேசப்படுவதில்லை. எச். ஸ்ரீதர் என்ற பெயரை நம்மில் பலர் அறிந்ததே ஒலிநாடா உறையின் உட்பக்கத்துப் பொடி எழுத்தில்தான். ஏ.ஆர். ரஹ்மான் வாத்தியக்காரர்களின் பெயர்களோடு பொறியாளர்களின் பெயர்களையும் அங்கே அச்சிட்டார். இப்படியொரு தொழில் உண்டு என்பதே அந்த எழுத்தால்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியவந்தது. 'மகாநதி', 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' ஆகிய படங்களுக்காக ஸ்ரீதர் தேசிய விருது பெற்றார். 2008 டிசம்பர் 1 அன்று மறைந்தார்.

இத்தொழிலுக்குள் நுழைவது எப்படி? தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்திலும் புனே நிறுவனத்திலும் ஒலிப்பதிவைப் பாடமாகப் படிக்கலாம். ஆனால் பட்டத்தைக் காட்டிப் பின்னணி இசையைப் பதிவு செய்யும் வேலையைப் பெற்றவர் குறைவு என்பதே நம் எண்ணம். உதவியாளனாகச் சேர்ந்து, கம்பிவடங்களைச் சுருட்டி, ஒலிவாங்கிகளை நிறுத்தி, மூத்தவரின் கை எந்த நொடியில் எந்தப் பொத்தானுக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டேயிருக்க வேண்டும். வயலின் வரிசைக்கு மேல் ஒலிவாங்கியை எவ்வளவு உயரத்தில் வைப்பது, பக்கத்துத் தபேலா அதில் வழியாமல் எப்படிக் காப்பது என்பவற்றையெல்லாம் செவிதான் கற்கும். திரையில் காட்சி ஓட, ஐம்பது பேர் ஒருசேர வாசித்த பெரிய அரங்குகளே இதற்குப் பள்ளிக்கூடம். இளையராஜா நாற்பதாண்டுகளுக்கு மேல் இயங்கிய பிரசாத் அரங்கு அத்தகையது; 2021-இல் அவர் தியாகராய நகரில் தமக்கென அரங்கு அமைத்துக்கொண்டார். இன்று பல படங்களுக்கு இசையின் பெரும்பகுதி கணினியிலேயே உருவாகிறது. நரம்பிசைக்குழு வேண்டுமென்றால் புடாபெஸ்டில் பதிவாகி இணையவழி வந்துவிடுகிறது. வசதிதான். உதவியாளன் நிற்க இடம்தான் குறைந்துவிட்டது.

கொல்லிமலையின் பெரக்கரை நாட்டுப் பையன் ஒருவனுக்கு இந்த ஆசை வந்ததென்று வைத்துக்கொள்வோம். பாணர்க்கு வாரி வழங்கிய வல்வில் ஓரியின் மலைதான். ஆனால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சென்னை சேர்பவனுக்குக் கோடம்பாக்கத்தில் மாமனோ சித்தப்பனோ இருக்கப் போவதில்லை. அவன் சேர்க்கக்கூடிய முதல் தன் பெயர் மட்டுமே. இன்ன படத்தில் இன்ன வேலை செய்தான் என்ற சான்று இருந்தால்தான் அடுத்த கதவு திறக்கும். சம்பளம் சொற்பமான ஆண்டுகளை அந்தச் சான்றை நம்பித்தான் அவன் கடத்த வேண்டும்.

அச்சான்றுதான் இப்போது கரைந்துகொண்டிருக்கிறது. ஒலிநாடாவும் குறுந்தட்டும் போயின, உறையும் போயிற்று. பாடல்களுக்காவது யூடியூபில் காணொளியின் அடியில் பொறியாளர் பெயரைச் சில நிறுவனங்கள் இடுகின்றன, பாராட்டத்தக்கதே. பின்னணி இசையோ தனியாக வெளிவருவதே குறைவு. அதைப் பதிந்தவர் பெயர் படத்தின் இறுதியில், விளக்கெரிந்து கதவு திறந்து கூட்டம் வண்டி நிறுத்துமிடத்துக்கு விரையும் வேளையில் ஓடுகிறது. உதவியாளர் பெயர் அதிலும் விடுபடுவதுண்டு. முழுப் பட்டியலையும் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகுமா? தயாரிப்பாளர்கள் அதைச் செய்யட்டும். படத்தை விமர்சிக்கும் நாமும் இறுதிவரை அமர்ந்திருந்து அந்தப் பெயர்களைக் குறித்துக்கொள்ளலாமே.