யானைக்கு ஒரு மணி நேரம், பிள்ளைக்கு நாள் பூரா?

மக்களே, தலைப்பைப் பார்த்துக் குழம்ப வேணாம். விஷயம் சிம்பிள். ஆப்பிரிக்காவுக்கு ஊழியப் பயணம் போற சர்ச் குழுக்களோட திட்டத்துல பெரும்பாலும் ரெண்டு ஐட்டம் இருக்கும். ஒண்ணு, அநாதை இல்லம். இன்னொண்ணு, கடைசி நாள் மிருகங்களைப் பார்க்கப் போறது. வந்துட்டுப் போறவங்களை எங்க நிறுத்தணும்ங்கறது மிருகங்களை வளர்க்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பிள்ளைகளை வளர்க்கிற பல பேருக்குத் தெரியல. இதான் என் கட்சி.

ரெண்டு வார லீவுல எங்க சர்ச் குழுவோட கென்யா போயிருந்தேன். (ஆணி புடுங்கினது போதும்னு கிளம்பின கேஸ்தான், ஹி ஹி..) நைரோபி தேசியப் பூங்காவுக்குள்ள ஷெல்ட்ரிக் டிரஸ்ட் நடத்துற யானைக்குட்டிக் காப்பகம் இருக்கு. தந்தத்துக்காக அம்மாவைக் கொன்னுட்டாங்க, வறட்சியில கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சிடுச்சு, கிணத்துல விழுந்துடுச்சு.. இப்படித் தனியாகிப் போன குட்டிங்களைத் தூக்கிட்டு வந்து வளர்க்கிறாங்க. சாவோ கிழக்கு தேசியப் பூங்காவோட முதல் வார்டனா இருந்த டேவிட் ஷெல்ட்ரிக் நினைவா, அவர் மனைவி டாஃப்னி 1977-ல ஆரம்பிச்ச அமைப்பு இது. அந்தம்மா 2018-ல காலமாகிட்டாங்க.

பொதுமக்களுக்கு அங்க தினமும் ஒரே ஒரு மணி நேரம். காலையில 11 முதல் 12 வரைக்கும். முன்கூட்டியே புக் பண்ணணும். கயித்துக்கு இந்தப் பக்கம் நிக்கணும். குட்டிங்க வரும், பாட்டில் பாலைக் காலி பண்ணும், சேத்துல புரளும், கிளம்பிடும். 12 மணி ஆனா நம்மளையும் கிளப்பிடுவாங்க. "இவ்ளோ தூரம் வந்தும் ஒரு மணி நேரம்தானா?"ன்னு எங்க குழுவுல ஒரு அண்ணன் முணுமுணுத்தார்.

அதுக்கு ஒரு காரணம் இருக்கு. பசும்பால் கொழுப்பு யானைக்குட்டிக்குச் சேராது. டாஃப்னி பல வருஷம் போராடி, குழந்தைகளுக்கான பால் பவுடரோட தேங்காய் எண்ணெயைச் சேர்த்து ஒரு வழியா சரியான கலவையைப் பிடிச்சாங்க (நம்ம தேங்காய் எண்ணெயேதான்!). 1970-கள்ல அந்தப் பால்ல பிழைச்ச குட்டி பேரு ஆயிஷா. ஆறு மாசம் டாஃப்னியே அதுக்கு அம்மா. அப்புறம் மக கல்யாணத்துக்காக டாஃப்னி சில நாள் ஊருக்குப் போனாங்க. அம்மா விட்டுட்டுப் போயிட்டான்னு ஏங்கியே குட்டி செத்துப்போச்சு. பால்ல குறையில்ல. பாசம் வச்ச ஆள் காணாமப் போனதுதான் குறை.

அதுல இருந்து அங்க ஒரு விதி. பராமரிக்கிறவங்க ராத்திரி கொட்டில்ல குட்டியோடவே படுத்துக்குவாங்க, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுப்பாங்க. ஆனா ஆளை மாத்திக்கிட்டே இருப்பாங்க. குட்டி ஒரு ஆளோட ஒட்டாம, மொத்தக் குடும்பத்தோட ஒட்டணும். கொஞ்சம் வளர்ந்ததும் சாவோ பக்கம் கொண்டுபோய், அது இஷ்டப்படி காட்டுக் கூட்டத்துல சேர விட்டுடறாங்க. இப்படி 300-க்கும் மேல வளர்த்தாச்சு.

இப்போ அந்தப் பயணத்துலயே பார்த்த ஒரு குழந்தைகள் இல்லத்தைச் சொல்றேன். பேர் வேணாம். அங்க கயிறும் இல்ல, நேரக் கணக்கும் இல்ல. வேன் நின்னதுமே பிள்ளைங்க ஓடிவந்து கட்டிக்குது. போன வாரம் வேற குழு, அடுத்த வாரம் இன்னொரு குழு. பாட்டு, மிட்டாய், போட்டோ, கண்ணீர், டாட்டா. "எவ்ளோ பாசமான பிள்ளைங்க!"ன்னு நம்மாளுங்களுக்கு ஒரே உருக்கம். முன்னப்பின்ன தெரியாத ஆளைப் பிள்ளை ஓடிவந்து கட்டிக்குதுன்னா அதுக்குப் பேர் பாசமாங்க? வாரா வாரம் ஒரு ஆயிஷா கதை நடக்குது, யாரும் கணக்கு வச்சுக்கறதில்ல.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்ல. இந்த மாதிரி இல்லங்கள்ல இருக்கிற பல பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்க, வறுமைதான் பிரிச்சு வச்சிருக்கு. கென்யா அரசாங்கம் 2017-ல புது இல்லங்களைப் பதிவு பண்றதை நிறுத்தி வச்சது. 2022-ல, பிள்ளைகளைக் குடும்பத்துக்குத் திருப்பி அனுப்ப பத்து வருஷத் திட்டம் போட்டுச்சு. அநாதை இல்லங்கள்ல நடக்கிற தன்னார்வச் சுற்றுலா பத்தி ஐ.நா. பொதுச்சபையே 2019 டிசம்பர் தீர்மானத்துல எச்சரிச்சிருக்கு.

நம்ம பொட்டி தட்டுற மக்களுக்குப் புரியற மாதிரி ஒரு கேள்வி. ரெண்டு வாரத்துக்கு வர்ற காண்ட்ராக்டருக்கு புரொடக்ஷன் சர்வர் பாஸ்வேர்டைக் கொடுப்பீங்களா? நல்லவர், வல்லவர், சம்பளமே வேணாம்கறார்னாலும் கொடுக்க மாட்டோம்ல? பிள்ளை மனசு சர்வரை விட மட்டமா?

"அப்போ திக்கற்ற பிள்ளைகளைப் பத்தி பைபிள்ல சொல்லியிருக்கறதை என்ன பண்றது?"ன்னு பாஸ்டர் ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. ஐயா, தாராளமா உதவி பண்ணலாம். பிள்ளையைச் சொந்தப் பாட்டிகிட்டயே வச்சு வளர்க்க, பள்ளிக்கூட ஃபீஸும் அரிசியும் கொடுக்கலாம். கூரை மாத்தலாம். அங்க வருஷம் பூரா வேலை பார்க்கிறவங்களுக்குக் கணக்கும் கம்ப்யூட்டரும் சொல்லிக் கொடுக்கலாம், சம்பளத்துக்கு வழி பண்ணலாம். என்ன, இதுல நமக்கு நல்ல போட்டோ கிடைக்காது. அவ்ளோதான்.

அடுத்த தடவை எந்தக் காப்பகத்துக்குப் போனாலும், மிருகமோ மனுஷனோ, ஒண்ணே ஒண்ணைக் கவனிங்க. நம்மளை எவ்ளோ தள்ளி நிறுத்தறாங்க? தள்ளி நிறுத்தற இடம் உள்ள இருக்கிற ஜீவனை நினைச்சு நடக்குது. கட்டிப்பிடிக்க விடற இடம் நம்ம பர்ஸை நினைச்சு நடக்குது.

டிஸ்கி: இது ஊழியத்துக்கு எதிரான பதிவு இல்ல. "நீ மட்டும் எதுக்குய்யா போனே?"ன்னு கும்மறவங்க கும்மலாம், ஆனா மேல கேட்ட பாஸ்வேர்ட் கேள்விக்குப் பதில் சொல்லிட்டுக் கும்முங்க.