அண்ணன் சொன்னதும் படத்தில் வந்ததும்

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருந்தார். மீட்டர் கேஜ் காலத்தில் நீராவி இஞ்சினில் ஃபயர்மேன். நான் ஆர்.எம்.எஸ்.ஸில் தபால் பிரித்தவன். பல ராத்திரி ஒரே வண்டியில் போயிருக்கிறோம். அவர் முன்னால் நெருப்போடு, நான் பின்னால் தபால் மூட்டையோடு. பேசிப் பழகியது ஓய்வுக்குப் பிறகுதான். நான் அவரை "அண்ணே" என்பேன், அவர் என்னைத் "தம்பி" என்பார்.

சில வருடங்களுக்கு முன் மூன்று இளைஞர்கள் கேமராவோடு தஞ்சாவூர் வந்தார்கள். டெல்டாவின் பழைய ரயில்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறோம், பழைய ஊழியர் யாராவது கிடைப்பாரா என்று கேட்டார்கள். நான்தான் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அதனால் இந்தக் கதையில் என் தவறும் உண்டு.

அண்ணன் மூன்று மணி நேரம் பேசினார். ஒய்.பி. இஞ்சினில் மூன்று பேர்: டிரைவர், ஃபர்ஸ்ட் ஃபயர்மேன், செகண்ட் ஃபயர்மேன். செகண்ட் கரியை உடைத்துக் கொடுக்க, ஃபர்ஸ்ட் அள்ளிப் போட வேண்டும். "அள்ளிக் கொட்டுறது வேலை இல்ல தம்பி. நெருப்பு எங்க மெலிஞ்சிருக்கோ அங்க மட்டும் பரவலாத் தூவணும்" என்றார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தின் மேல் எப்போதும் ஒரு கண் இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் நெருப்புப் பெட்டியின் மேலே இருக்கும் ஈய பிளக் உருகி நீராவி நெருப்பின் மேல் பாயும். பிறகு வண்டி நடுவயலில் நிற்க வேண்டியதுதான்.

பிள்ளைகள் கரும்புகை கேட்டார்கள். புகைபோக்கியிலிருந்து எப்படிக் குபுகுபுவென்று வரும், சொல்லுங்கள் தாத்தா என்றார்கள். அண்ணன் சிரித்துவிட்டார். "கரும்புகை வந்தா கரி வீணாகுதுன்னு அர்த்தம். டிரைவர்கிட்ட திட்டு வாங்கணும். நல்ல ஃபயர்மேன் ஓட்டுனா புகை லேசாத்தான் இருக்கும்."

பிறகு 1974 வந்தது. மே 8ஆம் தேதி தொடங்கி 20 நாள் நடந்த அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தம். கைது செய்ய வருகிறார்கள் என்று தெரிந்து, அண்ணன் ஒரு மோட்டார் கொட்டகையில் பதினோரு நாள் ஒளிந்திருந்தார். மேட்டூர் திறக்காத மாதம். ராத்திரியில் வறண்ட ஆற்று மணலில் நடந்து வந்து, தூங்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு விடியுமுன் திரும்பிவிடுவார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார்களோ என்று பயந்தபடி அண்ணி தோட்டை விற்றார். ஒருநாள் காலையில் வாசலில் ஒரு மூட்டை நெல் இருந்தது. யார் வைத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. இதைச் சொல்லும்போது அண்ணன் குரல் உடைந்தது. கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது.

படம் வந்தது. 12 நிமிடம். அதில் அண்ணன் வருவது 40 விநாடி. "அந்த விசில் சத்தம் இன்னும் காதுல கேக்குது" என்கிறார். மூன்று முறை கேட்டு வாங்கிய வசனம் அது. மற்றதெல்லாம் பச்சை வயலுக்கு மேல் பறக்கும் ட்ரோன், புல்லாங்குழல், எங்கிருந்தோ எடுத்துப் போட்ட ஒரு இஞ்சின். அது கக்கியது கன்னங்கரிய புகை!

நியாயமாகவும் பார்க்கிறேன். மூன்று மணி நேரத்தை யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் எதை வெட்டுகிறோம், வெட்டியதை என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்கு வழக்கு.

நீலகிரி மலை ரயிலுக்கு இந்தக் கவலை குறைவு. 2005இல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. நம் பக்கத்துப் பொன்மலைப் பணிமனையிலிருந்து புது நீராவி இஞ்சின்கள்கூடச் செய்து அனுப்புகிறார்கள். ஒரு முதியவர் சொல்லாமல் போனதை இன்றைக்கு வேலை பார்ப்பவர் கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 2010இல் பி.பி.சி. இந்திய மலை ரயில்களைப் பற்றி எடுத்த தொடரில், இஞ்சினைவிட அங்கே வேலை செய்பவர்களின் வாழ்க்கைதான் மனதில் நின்றது. அப்படியும் எடுக்க முடியும்.

நம் டெல்டாவில் அந்த வேலையே இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இல் ரயில் வந்தது அகலப் பாதையில். 1875இல் அதை மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள், நம் காலத்தில் மறுபடி அகலமாக்கினார்கள். மயிலாடுதுறை–தரங்கம்பாடிப் பாதையோ 1980களில் நின்றே போனது. பழைய இஞ்சினைக் காட்சிக்கு நிறுத்தலாம். அதில் கரி போடத் தெரிந்த கையை நிறுத்த முடியாது. அவர்கள் சொல்லி நாம் கேட்டது மட்டும்தான் மிச்சம்.

யாராவது பிடித்து வைத்தால் நினைவு நிற்கும். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளிகள் இறந்தது இன்றைக்கும் தெரிகிறதென்றால், தொழிற்சங்கத்தார் வருடாவருடம் கூடி அஞ்சலி செலுத்துவதால்தான். வாசலில் நெல் மூட்டை வைத்தவருக்கு எந்தச் சங்கம் இருக்கிறது?

அண்ணன் 2021இல் காலமானார். காரியம் முடிந்து அவர் பேத்தி, தாத்தா பேசிய முழு வீடியோவும் கிடைக்குமா என்று கேட்டாள். அந்தப் பிள்ளைகளுக்கு ஃபோன் செய்தேன். "சாரி சார், இடம் பத்தலைன்னு ஹார்ட் டிஸ்கை அழிச்சுட்டோம்" என்றார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். படம் முடிந்ததும் மிச்சம் குப்பை என்றுதான் யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முழுப் பிரதி ஒன்று வீட்டாருக்கு வேண்டும் என்று முதல் நாளே கேட்காதது என் தவறு.

ஆகவே படம் எடுப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் 12 நிமிடத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டாத பதிவில் ஒரு பிரதியை அந்தக் குடும்பத்திடம் கொடுங்கள். ஊர் நூலகம் வாங்கிக்கொண்டால் அங்கும் ஒன்று வையுங்கள். பென் டிரைவ் விலை அதிகமில்லை.

வாசக நண்பர்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் இருந்தால் கேமராக்காரர் வரும்வரை காத்திருக்காதீர்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் எல்லோரும் விசில் சத்தத்தைத்தான் சொல்வார்கள். வேலைக்குக் கிளம்பும்போது கையில் என்ன எடுத்துப் போவீர்கள், எங்கே சாப்பிடுவீர்கள், எதற்குத் திட்டு வாங்கினீர்கள் என்று கேளுங்கள். வீட்டுக்கார அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாதிக் கதை அவர்களிடம் இருக்கும்.

பழைய கேங்மேன் ஒருவர் நீடாமங்கலம் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வயது எண்பதைத் தாண்டியிருக்கிறதாம். வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். ஃபோனில் இருந்த குட்மார்னிங் படங்களையெல்லாம் அழித்து இடம் பண்ணி வைத்திருக்கிறேன்.